இயந்திரப் பொறியியல் பட்டம், பிறகு மெற்றீரியல்ஸில் முதுமாணி: எந்த வேலையை எப்போது செய்வது

இயந்திரப் பொறியியல் படித்து முடித்துவிட்டுப் பொருளறிவியலுக்கு, நம்முடைய பேச்சில் மெற்றீரியல்ஸுக்கு, மாறியவன் நான். விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வரும்போதெல்லாம் இரண்டு மூன்று தம்பி, தங்கச்சிமார் இதே வழியைக் கேட்டு வீட்டுக்கு வருவார்கள். எல்லோரும் உழைக்கிறார்கள். ஆனால் வரிசை மாறிப்போகிறது. ஆங்கிலப் பரீட்சையை முதலில் எழுதுகிறார்கள், அடுத்ததாகப் பல்கலைக்கழகப் பட்டியல் போடுகிறார்கள், என்ன ஆராயப் போகிறோம் என்பதைக் கடைசி இரவில் யோசிக்கிறார்கள். அந்த வரிசையை நேராக்கத்தான் இதை எழுதுகிறேன்.

1. கேள்வியை முதலில் எழுதுங்கள்

மெற்றீரியல்ஸ் என்ற ஒரு பெயருக்குள் பல துறைகள் இருக்கின்றன. உலோகங்கள், பொலிமரும் கூட்டுப்பொருளும், பீங்கான், அரைக்கடத்தியும் சூரியக்கலமும், மின்கலம், கணினிவழிக் கணிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் வேறு கணிதமும் வேறு ஆய்வுகூடமும் வேண்டும். மின்கலத்துக்குப் போகிறவருக்கு மின்னிரசாயனம் தெரிந்திருக்க வேண்டும், அரைக்கடத்திக்குப் போகிறவருக்குக் குவாண்டம் பௌதிகம் வேண்டும். இயந்திரப் பொறியியலில் இருந்து வருகிறவருக்கு மிகக் கிட்ட இருக்கும் கதவு ஒன்றுதான்: ஒரு பொருள் சுமையில் எப்படி வளைகிறது, திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கக் களைக்கிறது, உடைகிறது என்ற பகுதி. அந்தக் கதவால் உள்ளே போய்விட்டுப் பிறகு வேறு அறைக்கு மாறலாம்.

"நனோவில் விருப்பம்" என்பது கேள்வி ஆகாது. "கடல் நீரில் ஓடும் வள்ளத்தின் புறொப்பெலர் ஷாஃப்ட் ஏன் எப்போதும் கீ-வே என்ற பூட்டுப் பள்ளம் தொடங்கும் மூலையில் முறிகிறது, உருக்கை மாற்றினால் எவ்வளவு காலம் கூடும்" என்பது கேள்வி. அதை ஒரு தாளில் இரண்டு வரியில் எழுதுங்கள். பிறகு மாறினாலும் பரவாயில்லை. எந்தப் பாடத்தில் உங்களுக்குக் குறை, எந்தப் பேராசிரியருக்கு எழுதுவது, எந்த நாடு என்பதையெல்லாம் அந்த இரண்டு வரிதான் தீர்மானிக்கும்.

2. பொறியியல் பட்டத்தை முடித்துவிட்டு மாறுங்கள்

இரண்டாம் ஆண்டில் ஆசை வந்தவுடன் விட்டுவிட்டு வேறு பட்டத்துக்குத் தாவ நினைப்பவர்கள் உண்டு. வேண்டாம். பொறியியலாளர் என்ற தொழில் அங்கீகாரம் முதற் பட்டத்தில்தான் நிற்கிறது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல், ஒரு நாட்டின் பொறியியல் பட்டத்தை மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்ள வழிசெய்யும் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றது. அந்த உடன்படிக்கை பேசுவது தரச்சான்று பெற்ற இளமாணிப் பொறியியல் பட்டங்களைப் பற்றி. பொருளறிவியலில் எவ்வளவு உயர்ந்த முதுமாணி வாங்கினாலும் அது அந்த இடத்தை நிரப்பாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. இன்னும் துறை பிரியாத ஆரம்பக் கட்டத்தில் மொறட்டுவையில் இருந்து, மனம் உறுதியாக இருந்தால், அங்கேயே பொருளறிவியலுக்கும் பொறியியலுக்குமான தனித் துறை இருக்கிறது. அதைக் கேட்டுப் பாருங்கள். துறை பிரிந்த பிறகென்றால் இயந்திரத்தையே முடியுங்கள்.

3. கம்பஸை விட்டு வெளியேறும் முன் வாங்க வேண்டிய தாள்கள்

பெறுபேற்று அட்டவணையை எல்லோரும் வாங்குகிறார்கள். பாடவிபரத்தை யாரும் வாங்குவதில்லை. ஒவ்வொரு பாடத்திலும் என்னென்ன தலைப்பு, எத்தனை மணித்தியாலம், எத்தனை கிரெடிட் என்று பீடத்தின் முத்திரையோடு ஒரு கோவை வேண்டும். ஜேர்மனியில் பல பல்கலைக்கழகங்கள் பாடம் பாடமாகக் கிரெடிட்டை எண்ணித்தான் தகுதி பார்க்கின்றன. "பொறியியற் பொருள்கள்" என்று அட்டவணையில் ஒரு வரி மட்டும் இருந்தால், அதற்குள் நீங்கள் அவத்தை வரிப்படமும் (எந்த வெப்பநிலையில் எந்தக் கலவை எந்த நிலையில் இருக்கும் என்று காட்டும் படம்) வெப்பச் சிகிச்சையும் படித்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இதை மாணவராக இருக்கும்போதே கேட்டால் கையோடு கிடைக்கும். பட்டம் வாங்கி இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் பாடத்திட்டமே மாறியிருக்கும். சான்றிதழ்களை உறுதிப்படுத்தக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. வெளிவிவகார அமைச்சின் பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது.

4. இடைவெளியை நிரப்புங்கள், இந்த ஒழுங்கில்

முதலில் வெப்ப இயக்கவியல். "அதுதான் இரண்டு பருவம் படித்தோமே அண்ணா" என்பார்கள். நீங்கள் படித்தது ரான்கின் சக்கரமும் நீராவி அட்டவணையும். அங்கே கேள்வி, இந்த எஞ்சினில் இருந்து எவ்வளவு வேலை எடுக்கலாம் என்பது. மெற்றீரியல்ஸில் அதே பெயருள்ள பாடம் கேட்பது வேறு: இந்த வெப்பநிலையில் இந்தக் கலவை எந்த அவத்தையில் இருக்க விரும்பும்? கிப்ஸ் சக்தியும் (எந்த அவத்தை நிலைத்து நிற்கும் என்று சொல்லும் சக்தி அளவு) கெமிக்கல் பொற்றன்ஷியலும் (அதில் கலவையின் ஒவ்வொரு கூறுக்கும் உரிய பங்கு) கரைசல்களின் நடத்தையும்தான் அங்கே நாளாந்தச் சாப்பாடு. இது உங்கள் உயர்தர இரசாயனவியலுக்குக் கிட்ட, பொறியியல் பாடத்துக்குத் தூர. அந்தப் பழைய கொப்பியைத் தேடி எடுத்துக் கிப்ஸ் சக்தியில் இருந்து தொடங்குங்கள். முதல் பருவத்தில் நல்ல மாணவர்கள் சறுக்குவது இந்தப் பாடத்தில்தான். தெரியும் என்று நினைத்துப் போகிறார்கள்.

இரண்டாவது அவத்தை வரிப்படம். இரும்பும் காபனும் கொண்ட வரிப்படத்தைப் பார்க்காமல் கீறும் அளவுக்குப் பழகுங்கள். உங்களைச் சோதிக்க ஒரு கணக்கு: 0.40 சதவீதம் காபன் உள்ள உருக்கு 727 பாகை செல்சியஸுக்குச் சற்றுக் கீழே மெதுவாகக் குளிர்ந்தால் அதில் பேர்லைற், அதாவது ஃபெரைற்றும் இரும்புக் காபைட்டும் அடுக்கடுக்காகக் கிடக்கும் பகுதி, எவ்வளவு? ஃபெரைற்றில், அதாவது கிட்டத்தட்டத் தூய இரும்பான அவத்தையில், காபன் கரையும் எல்லை 0.022, பேர்லைற்றின் காபன் 0.76. வரிப்படத்தில் தூரங்களின் விகிதத்தால் பங்கைக் காணும் நெம்புகோல் விதியைப் போட்டால் 0.378 ஐ 0.738 ஆல் வகுக்க வரும், அதாவது ஏறத்தாழ 51 சதவீதம். இதை ஐந்து நிமிடத்தில் செய்ய முடிந்தால் அடுத்ததுக்குப் போங்கள்.

மூன்றாவது பரவல், அதாவது திண்மத்துக்குள் அணுக்கள் நகர்வது. இங்கே உங்களுக்கு ஒரு பெரிய சாதகம் இருக்கிறது. வெப்பக் கடத்தலுக்கு நீங்கள் தீர்த்த சமன்பாடும் பரவலுக்கான ஃபிக்கின் இரண்டாம் விதியும் ஒரே உருவம். வெப்பநிலை இருந்த இடத்தில் செறிவைப் போடுங்கள், வெப்பப் பரவுதிறன் இருந்த இடத்தில் பரவற் குணகத்தைப் போடுங்கள், முடிந்தது. உருக்கின் மேற்பரப்புக்குக் காபன் ஏற்றும்போது, ஏறத்தாழ 925 பாகையில் 4 மணித்தியாலம் வைத்தால் காபன் அரை மில்லிமீற்றர் அளவில் உள்ளே போகும். ஆழம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் நேரம் நாலு மடங்கு வேண்டும். இரசாயனம் படித்து வந்த வகுப்புத் தோழர்கள் திணறும் இந்த இடத்தில் நீங்கள் முன்னால் நிற்பீர்கள்.

நாலாவது பளிங்கும் அதன் குறைகளும். கணினியில் கட்டமைப்புப் பகுப்பாய்வு செய்யும்போது உருக்கு என்று தெரிவு செய்தால் யங்கின் மட்டு, அதாவது விறைப்பின் அளவு, 200 கிகாபாஸ்கல் என்று தானாக வந்து உட்காரும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்கும் இடத்தில்தான் மெற்றீரியல்ஸ் தொடங்குகிறது. தனி இரும்புப் பளிங்கு ஒன்றைக் கனசதுரத்தின் விளிம்புத் திசையில் இழுத்தால் ஏறத்தாழ 125 கிகாபாஸ்கல், எதிரெதிர் மூலைகளை உள்ளே இணைக்கும் மூலைவிட்டத் திசையில் இழுத்தால் ஏறத்தாழ 273. எல்லாத் திசையிலும் திரும்பிக் கிடக்கும் கோடிக்கணக்கான சிறு பளிங்குகளின் சராசரியைத்தான் நீங்கள் ஒற்றை எண்ணாகப் போட்டீர்கள்.

இதோடு சேர்ந்த பிழை ஒன்றை வருடா வருடம் பார்க்கிறேன். வெப்பச் சிகிச்சை செய்தால் உருக்கு "விறைப்பாகும்" என்று எழுதுகிறார்கள். விறைப்பு அநேகமாக அப்படியேதான் இருக்கும், கூடுவது விளைவு வலிமை, அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கும் எல்லை. அரமும் ஆணியும் ஒரே யங்கின் மட்டு உள்ளவை. காரணம், மட்டு அணுப் பிணைப்பில் தங்கியிருக்கிறது, வலிமை டிஸ்லொக்கேஷன்களின், அதாவது பளிங்கின் அணு வரிசையில் உள்ள கோட்டுக் குறைகளின், நகர்வில் தங்கியிருக்கிறது. மெல்லிய செப்புக் கம்பியை வளைத்துவிட்டு நிமிர்த்திப் பாருங்கள். வளைத்த இடம் நிமிராது, பக்கத்தில் புதிதாக ஒரு வளைவு விழும். அந்த இடத்தில் டிஸ்லொக்கேஷன்கள் நெருக்கியடித்து நகர முடியாமல் நிற்கின்றன.

5. இறுதியாண்டு ஆய்வுக்கு உடைந்த பாகம் ஒன்றை எடுங்கள்

பனை நாரில் கூட்டுப்பொருள் செய்து இழுவைச் சோதனை வைப்பது நம்மவர்களின் வழக்கமான ஆய்வு. அதில் குறை சொல்லவில்லை. ஆனால் எண்களோடு நின்றுவிடுகிறது. ஏன் அந்த எண் வந்தது என்பதற்கு நாரும் பிசினும் ஒட்டும் முகத்தை நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும், அதை விட்டுவிடுகிறார்கள்.

உடைந்த பாகம் ஒன்று இரண்டு துறையையும் தானாகவே கட்டிப்போடும். தகைப்பு, அதாவது ஓரலகுப் பரப்பில் வரும் விசை, எங்கே கூடியது என்று இயந்திரப் பொறியியலில் கணக்குப் போடுவீர்கள், பொருள் ஏன் அங்கே தோற்றது என்று உள்ளே பார்ப்பீர்கள். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. மயிலிட்டி, குருநகர், பருத்தித்துறையில் வள்ளக்காரரைக் கேளுங்கள். நகரத்து லேத் பட்டறைகளில் முறிந்த ஷாஃப்ட், கிணற்றுப் பம்பின் பாகம் என்று மூலையில் குவிந்து கிடக்கும். கையாளும் முறை இப்படி:

பாகத்தைத் தொடும் முன் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். பிறகு எடுத்தால் நீங்கள் பண்ணிய கீறலா, முன்பே இருந்ததா என்று பிரிக்க முடியாது.

முறிந்த இரண்டு முகத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள். எல்லோருக்கும் கை பரபரக்கும் இடம் இது. பொருத்தும்போது முகத்தின் நுண் அடையாளங்கள் நசுங்கிவிடும். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்ப்பதும் அப்படியே. களைப்பால் முறிந்ததென்றால், அலை ஒதுங்கிய கடற்கரை மணல் மாதிரி வளைவு வளைவாகக் கோடுகள் இருக்கும். விரிசல் எங்கே பிறந்தது என்பதை அவை காட்டும்.

வரலாற்றைக் கேட்டு எழுதுங்கள். எப்போது போட்டது, ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் ஓடியது, அதற்கு முன் இருந்தது எவ்வளவு காலம் நின்றது, ஒட்டு வைத்தார்களா. வள்ளக்காரர் சொல்லும் ஒரு வசனம் ஒரு கிழமை ஆய்வை மிச்சப்படுத்தும்.

மாதிரியை முறிவு முகத்துக்குச் சற்றுத் தள்ளி, நீர் விட்டு, கைவாளால் மெதுவாக வெட்டுங்கள். என் முதல் மாதிரியை அவசரத்தில் அங்கிள் கிரைண்டரால் வெட்டினேன். வெட்டு முகத்தில் நீலம் பாய்ந்தது. உருக்கில் நீலம் தெரிந்தால் அந்த இடம் ஏறத்தாழ 300 பாகையைத் தொட்டது என்று பொருள். தோய்ச்சல் வைத்த கத்தியைத் திரும்பச் சூடாக்கும்போது நம் ஊர்க் கொல்லர் நிறத்தைப் பார்த்துத்தான் நிறுத்துவார், வைக்கோல் நிறம் முதலில், நீலம் பிறகு. அதே சூடு என் மாதிரியின் உள்ளமைப்பை மாற்றிவிட்டது. மூன்று கிழமை நான் அளந்தது கிரைண்டர் செய்த வேலையை.

பிறகு அரத்தாள்: 180, 320, 600, 1200 என்று ஏறுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் மாதிரியை 90 பாகை திருப்புங்கள். பழைய கீறல் குறுக்காகத் தெரியும், அது முற்றாக மறைந்த பிறகு அடுத்த தாள். திருப்பாவிட்டால் எப்போது நிறுத்துவது என்று தெரியாது, கடைசியில் கீறலைப் பளிங்கு எல்லை என்று நம்பி றிப்போர்ட்டில் போடுவீர்கள்.

மினுக்கிய பின் 2 சதவீத நைற்றால், அதாவது எதனோலில் நைத்திரிக் அமிலம், சில செக்கன்கள். அமிலத்தைத்தான் எதனோலுக்குள் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், புகையகற்றும் பெட்டிக்குள் செய்ய வேண்டும், இறுக மூடிய போத்தலில் சேமித்து வைக்கக் கூடாது. ஆய்வுகூடப் பொறுப்பாளர் பக்கத்தில் நிற்காமல் இதைச் செய்யாதீர்கள். கடைசியாக விளிம்பிலும் நடுவிலும் வன்மை அளந்து, நீங்கள் கணித்த தகைப்போடு ஒப்பிடுங்கள்.

இந்த ஓர் ஆய்வு விண்ணப்பத்தில் உங்களுக்காகப் பேசும். எங்கே போனாலும் நேர்முகத்தில் என்னிடம் இதைத்தான் கேட்டார்கள்.

6. ஆய்வுக் கருவிகளை எண்ணால் பழகுங்கள்

இலத்திரன் நுணுக்குக்காட்டி, பளிங்கின் அணுத் தளங்களை எக்ஸ் கதிரால் அளக்கும் எக்ஸ் கதிர் விளிம்புவளைவு போன்றவை உங்கள் பீடத்தில் இல்லாமல் இருக்கலாம். யாழ் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் பௌதிகவியல் துறையினர் சூரியக்கலத்திலும் மென்படலத்திலும் ஆய்வு செய்கிறார்கள். அனுமதி கேட்டு ஒரு நாள் நின்று பாருங்கள். அது கிடைக்காவிட்டாலும் தரவை வாசிக்கப் பழகலாம். செப்பு எக்ஸ் கதிரின் அலைநீளம் 1.5406 அங்ஸ்ற்றொம், சிலிக்கனின் முதல் உச்சி 28.44 பாகையில். அலைநீளத்தையும் கோணத்தையும் தளங்களின் இடைவெளியோடு இணைக்கும் பிராக் விதியைப் போட்டுத் தளங்களின் இடைவெளி 3.14 அங்ஸ்ற்றொம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பெரும்பாலும் கோணத்தை இரண்டால் வகுக்க மறந்திருப்பீர்கள். எல்லோரும் மறக்கும் இடம் அது.

7. பாதையையும் பணத்தையும் ஒன்றாகத் தீர்மானியுங்கள்

அமெரிக்காவில் இளமாணியோடு நேரே கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். உதவி ஆய்வாளர் அல்லது உதவி ஆசிரியர் இடம் கிடைத்தால் வகுப்புக் கட்டணமும் போய் வாழ்க்கைச் செலவுக்கும் வரும். அங்கே முதுமாணிக்கு மட்டும் போனால் பெரும்பாலும் கைக்காசு. நம்மவர்கள் கலாநிதி என்ற சொல்லுக்குப் பயந்து, காசு கேட்கும் முதுமாணியைத் தெரிவு செய்கிறார்கள்.

ஜேர்மனியில் பொதுவாக முதுமாணி முடித்துத்தான் கலாநிதி. பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் வகுப்புக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டெம்பேர்க் மாநிலம் ஐரோப்பாவுக்கு வெளியில் இருந்து வருகிறவரிடம் ஒரு பருவத்துக்கு 1500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 இல் இருந்து புதிதாகச் சேர்பவரிடம் கட்டணம் வாங்குகிறது. விசாவுக்கு ஒரு வருடச் செலவை மாதாமாதம் மட்டுமே எடுக்கக் கூடிய முடக்கிய வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும், 2024 இன் கடைசியில் அது 11,904 யூரோ. இந்தியக் காணொளிகளைப் பார்த்துவிட்டு பட்டத்தைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ் சான்றிதழுக்கு அலைகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது இந்தியா, சீனா, வியட்நாம் போன்ற நாடுகளின் பட்டங்களுக்கு. இலங்கைப் பட்டத்துக்குத் தேவையில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் புலமைப்பரிசில் கிடைத்தால் மாதம் 1400 யூரோ, கட்டணமும் இல்லை. யப்பான் அரசின் மெக்ஸ்ற் புலமைப்பரிசிலுக்குத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் வலுவான துறைகள் உண்டு, இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர் புலமைப்பரிசில் அதற்கு ஒரு வழி. வீட்டு நிலைமையால் நாட்டை விட்டுப் போக முடியாதவர்கள் மொறட்டுவையைப் பாருங்கள். கண்டி ஹந்தானையில் உள்ள தேசிய அடிப்படை ஆய்வு நிறுவனத்திலும் ஹோமாகமவில் உள்ள நனோ தொழில்நுட்ப நிறுவனத்திலும் ஆய்வு இடம் கேட்டு எழுதுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். காணியை ஈடு வைத்து முதுமாணிக்குப் போகாதீர்கள். இந்தத் துறையில் ஆய்வு இடம் பணத்தோடு வரும், ஒரு வருடம் பொறுத்தால் போதும். அம்மாவின் நகையில் வாங்கிய கடன் தலையில் இருந்தால் ஆய்வுகூடத்தில் மனம் நிற்காது, பகுதிநேர வேலையில்தான் நிற்கும்.

8. பேராசிரியருக்கு எழுதும் மடல்

ஒரே மடலை நூறு பேருக்கு அனுப்புவதில் பயன் இல்லை. ஒருவருடைய அண்மைய ஆய்வுக் கட்டுரை இரண்டை முழுவதும் வாசித்து, அதில் உங்களுக்குப் புரியாத உண்மையான ஒரு கேள்வியைக் கேளுங்கள். இரண்டாவது பந்தியில் உங்கள் முறிந்த ஷாஃப்ட். மூன்றாவதில் எப்போது வர முடியும், பணம் எங்கிருந்து என்று எதிர்பார்க்கிறீர்கள். அவ்வளவுதான், இருநூறு சொல்லுக்குள்.

இயந்திரப் பொறியியலை மறைக்காதீர்கள். "நான் உண்மையில் மெற்றீரியல்ஸ் மாணவன்தான்" என்று காட்ட முயல்கிறவர்கள் அங்கேயே நாலு வருடம் அதைப் படித்தவரோடு போட்டிக்குப் போகிறார்கள், தோற்பார்கள். அந்த ஆய்வுகூடத்தில் சோதனைக் கருவி வடிவமைக்க, தகைப்புக் கணிக்க ஆள் தேவைப்படும். அந்த இடத்தைக் கேளுங்கள்.

9. பரீட்சைகள் இங்கேதான் வருகின்றன

ஐ.ஈ.எல்.ரி.எஸ் ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு 2 வருடம்தான் செல்லும், அமெரிக்க மேற்படிப்புக்குக் கேட்கப்படும் ஜி.ஆர்.ஈ 5 வருடம். மூன்றாம் ஆண்டிலேயே எழுதி வைத்தால் விண்ணப்பிக்கும் நேரம் ஆங்கிலப் பெறுபேறு காலாவதி ஆகியிருக்கும், திரும்பக் காசு கட்ட வேண்டும். விண்ணப்பத்துக்கு மூன்று நாலு மாதம் முன்பு போதும். அமெரிக்காவில் இலையுதிர்காலச் சேர்க்கைக்குப் பெரும்பாலும் முந்திய டிசம்பரில் முடிவு நாள். பரிந்துரைக் கடிதம் தரும் விரிவுரையாளருக்கு ஒரு மாதம் முன்பே, உங்கள் ஆய்வு றிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்புங்கள். வெறுங்கையோடு கேட்டால் எல்லா மாணவருக்கும் எழுதும் கடிதம்தான் வரும்.

10. சேர்ந்த முதல் பருவம்

ஆய்வுகூடம் இழுக்கும், அதுதான் ஆசையாகவும் இருக்கும். முதல் பருவத்தில் வெப்ப இயக்கவியலையும் பரவலையும் சேர்த்து எடுங்கள், நுணுக்குக்காட்டிப் பயிற்சியை இரண்டாம் பருவத்துக்குத் தள்ளுங்கள். கருவியை ஒரு மாதத்தில் பழகலாம், அது காட்டுவதை விளங்கிக்கொள்ள அந்த இரண்டு பாடமும் வேண்டும்.

கிழமைக்கு ஒரு மணித்தியாலம் இரசாயனம் படித்து வந்த ஒருவரோடு உட்காருங்கள். அவருக்கு நீங்கள் தகைப்பும் விகாரமும் சொல்லிக் கொடுங்கள், அவர் உங்களுக்குக் கெமிக்கல் பொற்றன்ஷியல் சொல்லித் தருவார். எனக்கு அந்தப் பாடம் விளங்கியது விரிவுரை மண்டபத்தில் அல்ல, அப்படியான ஒரு கன்ரீன் மேசையில்.